நல்லூரில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுக்க விரும்புபவர்களுக்கு

யாழ்ப்பாண நகரில் பழமையும் கலையும் சேர்ந்த இடமொன்றில் குடியிருக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் நல்லூரையே கேட்கிறார்கள். நேரம் தவறாத கந்தசுவாமி கோவில் மணி, நாதஸ்வரமும் தவிலும், நடந்து போகக்கூடிய தூரத்தில் மந்திரிமனையும் யமுனா ஏரியும், 1822இல் ஆறுமுக நாவலர் பிறந்த ஊர் என்ற பெருமை என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அங்கு வாடகைக்குக் கிடைப்பது அநேகமாக ஒரு பழைய வீட்டின் பாதியாகவோ மேல்மாடியாகவோதான் இருக்கும். விறாந்தை, முற்றம், கிணறு ஆகியவற்றை வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ள வேண்டிவரும். எனவே சுவரையும் தூணையும் பார்த்து மயங்குமுன், யாரோடு என்ன உடன்பாட்டுக்கு வருகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியைப் பார்க்கக் கேளுங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழக்கங்களைக் கூறும் தேசவழமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ள ஊர் இது. சீதன உறுதியாக மகளின் பெயருக்கு எழுதப்பட்ட வீடுகள் நிறைய உண்டு என்பதால், வீட்டைத் திறந்து காட்டுபவர் தகப்பனாகவும், உரிமையாளரான மகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவராகவும் இருக்கலாம். அப்படியானால் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்குப் பதிலாகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) யாருக்குக் கொடுக்கப்பட்டுள்ளது, வாடகைக்கு விடும் அதிகாரம் அதில் எழுதப்பட்டுள்ளதா என்பவற்றை வாசித்துப் பார்த்த பின்னரே முற்பணத்தைக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டப்படி செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவரும் கையெழுத்திட்டால் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல மாத வாடகையை முற்பணமாகக் கொடுப்பவர் அவர்கள் பேச்சைக் கேட்கக்கூடாது.

வீட்டை நடுப்பகலில் போய்ப் பாருங்கள். கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஓடு விலகிய இடங்களில் வெளிச்சம் ஊசிமுனைகளாகத் தெரியும். நிலத்தில் சில்லறைக் காசுபோல வெயில் விழுந்தால், மாரியில் அதே இடத்தில் தண்ணீர் விழும். நான் ஆனி மாதத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு வீட்டில், ஐப்பசியில் மூன்று வாளிகளுக்கு நடுவே படுத்திருக்கிறேன். கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகைகளின் முனைகளிலும் யன்னல் நிலைகளிலும் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்க்கவும் வேண்டும். ஓடு மாற்றும் செலவு யாருடையது என்பதை உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிணறு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல் என்பதால் தண்ணீர் கடினமானது. குசினியில் உள்ள கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப் படையைப் பார்த்தாலே விளங்கும். வெடிப்புள்ள அந்தக் கல்லினூடாகக் கழிவு எளிதில் ஊறிச் செல்லும். ஆகவே மலசலகூடக் குழி, அயல் வீட்டாரின் குழி உட்பட, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரைவிட அயலாரிடம் கேட்பது நல்லது.

இனி, நல்லூருக்கே உரிய விடயம் திருவிழா. கொடியேற்றத்திலிருந்து ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாட்கள் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விட முடியாது; தேர் 24ஆம் நாள். மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது, ஒலிபெருக்கியை உங்களால் தாங்க முடியுமா என்பவற்றை முன்கூட்டியே யோசியுங்கள். பல வீடுகளில் அந்நாட்களில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க விடமாட்டார்கள். சிலர் வருடம் முழுவதும் விடமாட்டார்கள். ஆனால் பெரிய சிக்கல் வெளிநாட்டு உறவினர்தான். கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஒன்பது பேர் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது, "தம்பி, முன்னறையை மட்டும் ஒரு மாதத்துக்கு விடுங்கோ" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வாடகை குறைப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாததால் நானும் வாய் திறக்கவில்லை. முழு வருடத்துக்கும் எல்லா அறைகளும் உங்கள் பாவனைக்கே என்ற ஒரு வரியை நொத்தாரிசிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மின்மானியின் இலக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, முன்பிருந்தவரின் மின்பட்டியல் நிலுவை தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.