வேண்டாத விளம்பர மெசேஜ்களை நிறுத்துவது எப்படி? வீட்டிலுள்ள பெரியவர்களின் போனிலிருந்து தொடங்கலாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாக்களின் போன்கள் நிறைய இதே மெசேஜ்கள்தான்: உடனடி லோன், பரிசு, துணிக்கடை விலைக்கழிவு. பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவருக்கு எது விளம்பரம், எது வங்கியிலிருந்து வந்தது, எது ஏமாற்று என்று பிரிக்க வழியில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள்.

1. முதலில் எதையும் அழிக்க வேண்டாம்

தொல்லை தரும் மெசேஜைத் திறந்து, அனுப்பியவரின் பெயரோ எண்ணோ, திகதியோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் இதுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டு வந்தால் யாராலும் உதவ முடியாது.

2. யார் அனுப்பியது என்று பிரியுங்கள்

மேலே நிறுவனத்தின் பெயர் இருந்தால், பெரும்பாலும் மொத்தமாக அனுப்பப்பட்ட விளம்பரம். பலவற்றில் மெசேஜின் கடைசியில் நிறுத்துவதற்கான வழி சிறிய எழுத்தில் இருக்கும். என்ன சொல்லை எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அதன்படி அனுப்புங்கள். வழி எதுவும் இல்லையென்றால் உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, விளம்பர மெசேஜ்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

07 என்று தொடங்கும் சாதாரண எண்ணிலிருந்து லோன், வேலை, பரிசு என்று வந்தால் கதை வேறு. "வேண்டாம்" என்றுகூடப் பதில் போடாதீர்கள். பதில் போனால் அந்த எண்ணை ஒருவர் பாவிக்கிறார் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, தடுக்கும் வசதியைத் தெரிவு செய்யுங்கள். ஸ்பாம் (வேண்டாத மெசேஜ்) என்று அறிவிக்கவும் அங்கேயே கேட்கும்.

லிங்க் இருந்தால், மேலே யாருடைய பெயர் இருந்தாலும் தொடக்கூடாது. தபால் திணைக்களத்தின் பெயரில், பார்சலுக்குப் பணம் கட்டச் சொல்லி வரும் போலி மெசேஜ்கள் இலங்கையில் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

3. ரீலோட் காசு கரைகிறதா?

பேசாமலேயே காசு குறைந்தால், ஜோதிடம், பாட்டு, கிரிக்கெட் செய்தி போன்ற கட்டணச் சேவை ஏதாவது இயங்கிக்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, "இந்த எண்ணில் என்னென்ன சேவை இயங்குகிறது?" என்று கேட்டு ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லுங்கள். நாட்கூலியில் போட்ட ரீலோட் அது. கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

4. எண் எங்கிருந்து போகிறது?

மெசேஜை நிறுத்துவதைவிட இதுதான் முக்கியம் என்பேன். ரீலோட் கடைக் கொப்பியில் எண்ணை எழுதுகிறோம். பரிசுக் கூப்பனில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் நிரப்புகிறோம். குழுக்கடன் கொடுக்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வருபவரிடம் அடையாள அட்டையின் போட்டோ கொப்பியையே கொடுக்கிறோம்.

அந்த அடையாள அட்டை எண் என்னவெல்லாம் சொல்கிறது என்று பாருங்கள். 12 இலக்க அடையாள அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1985532 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். எண்ணைக் கொடுத்தாலே பிறந்த நாளையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

அதனால் போட்டோ கொப்பி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், யாருக்கு, எதற்காக, எந்தத் திகதியில் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதுங்கள். விவரங்கள் மறையாமல் இருந்தால் போதும். வேறு வேலைக்கு அதைப் பாவிப்பது கடினமாகிவிடும். பரிசுக் கூப்பனில் அடையாள அட்டை எண்ணை எழுதவே வேண்டாம்.

5. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமில்லாமல் அனுப்பும் விளம்பரத்தைப் பற்றியும் பேசுகிறது. அதன் பகுதிகளைக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தும் விதமாகவே அது இயற்றப்பட்டது. ஆனாலும் நீங்கள் இப்போதே இப்படி எழுதி அனுப்பலாம்:

"எனது தொலைபேசி எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தெரிவியுங்கள். விளம்பரச் செய்திகள் பெற எனக்குச் சம்மதமில்லை. எனது எண்ணை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்."

6. அப்படியும் நிற்கவில்லையா?

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் எண் 1900. போலி லிங்க், கணக்குத் திருட்டு என்றால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட், 101. வங்கி, நிதி நிறுவனம் சம்பந்தப்பட்ட முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. ஓடிபி எண்ணை (வங்கி மெசேஜில் அனுப்பும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய எண்ணை) யாரிடமாவது சொல்லிவிட்டால் இவர்களுக்கெல்லாம் முன்னால் உங்கள் வங்கிக்கு அழைத்து, கணக்கையும் கார்டையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே அழைத்தாலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து வையுங்கள்.