அமெரிக்க மாநில அரசியல்: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசியல் என்றதும் நம் கண்முன் நிற்பது வாஷிங்டன்தான். இரண்டு கட்சிகளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மசோதாக்கள் கிடப்பில் கிடக்கும். அதே காட்சியை மாநிலத் தலைநகரங்களிலும் தேடுவது முதல் தவறு. 2024 தேர்தலுக்குப் பிறகு, 50 மாநிலங்களில் 38இல் ஆளுநர் பதவியும் சட்டமன்றமும் ஒரே கட்சியின் கையில் இருந்தன: குடியரசுக் கட்சிக்கு 23, ஜனநாயகக் கட்சிக்கு 15. அங்கெல்லாம் பிளவு முடக்கமாக அல்ல, வேகமாகவே வெளிப்படுகிறது. கருக்கலைப்பு விஷயத்தில் ஆரிகனும் அதை ஒட்டிய ஐடஹோவும் எதிரெதிர்த் திசையில் ஓடியிருக்கின்றன.

‘ஆளுநர்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். மத்திய அரசு நியமித்து அனுப்பும் ஆளுநர் அல்லர் அவர். மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு வென்றவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர், ஆனால் சபையில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் பதவி போகாது.

பெரும்பான்மை இருந்தால் சட்டம் நிறைவேறிவிடும் என்ற கணக்கும் தவறலாம். ஆரிகன் செனட்டில் 30 பேர். மசோதா நிறைவேற 16 வாக்குப் போதும். ஆனால் சபை கூடவே 20 பேர் வேண்டும். (இதற்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘கோரம்’ என்று வரும். சில நேரங்களில் பொருத்தம்தான்.) 2019 ஜூனில், கூட்டத்தொடர் முடியப் பத்து நாள் இருந்தபோது, கரியமில வாயுவுக்கு வரம்பு விதிக்கும் மசோதாவைத் தடுக்கக் குடியரசுக் கட்சியின் 11 செனட்டர்களும் சபைக்கு வராமல் மறைந்தார்கள். ஆளுநர் கேட் பிரவுன் அவர்களைத் தேடிப் பிடிக்க மாநிலப் போலீசை அனுப்பினார். மசோதா செத்தது. ஆனால் முழுப் பழியையும் வெளியேறியவர்கள் தலையில் போடவும் முடியாது: 18 பேர் இருந்த ஆளுங்கட்சியிலேயே 16 வாக்குத் தேறவில்லை என்று செனட் தலைவர் பீட்டர் கோர்ட்னி அறிவித்தார். எதிர்க்கட்சியின் நாடகம் பலமுறை ஆளுங்கட்சியின் உள்பூசலுக்குத் திரையாகிவிடுகிறது.

பொறுமையிழந்த வாக்காளர்கள் 2022இல் ஒரு விதியை நிறைவேற்றினார்கள்: அனுமதியின்றி பத்து முறை சபைக்கு வராதவர் அடுத்த பதவிக்காலத்துக்குத் தகுதியற்றவர். 2023இல் அதையும் மீறிக் குடியரசுக் கட்சியினர் ஆறு வாரம் வெளியேறினார்கள். பத்து செனட்டர்கள் வரம்பைத் தாண்டினார்கள். விதியின் வாசகம் குழப்பமானது. ‘இன்னொரு முறை நின்றுவிட்டுப் போகலாம்’ என்று அவர்கள் வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் ஆரிகன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதைக் குடியரசுக் கட்சியின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். அதே ஆரிகனில் 2001இல் தொகுதி மறுவரையறையை எதிர்த்து வெளியேறியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 2011இல் விஸ்கான்சினின் 14 செனட்டர்கள், 2021இலும் 2025இலும் டெக்சஸ் உறுப்பினர்கள் எல்லாரும் அதே கட்சிதான். சொந்த மாநிலப் போலீசுக்கு அதிகாரம் இல்லாத இடமாகப் பார்த்து எல்லை தாண்டினார்கள். யார் ஓடுகிறார்கள் என்பதை முடிவு செய்வது கொள்கை அல்ல. அந்த ஆண்டு யார் சிறுபான்மை என்பதுதான்.

கடைசித் தவறு, பட்ஜெட் இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைப்பது. நமக்குப் பழகிய முறையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும். அங்கே கவிழ வழியே இல்லை. அதனால்தான் இழுபறி நீள்கிறது. இல்லினாயில் குடியரசுக் கட்சி ஆளுநர் புரூஸ் ரவுனர் தொழிற்சங்கங்களின் பலத்தைக் குறைக்கும் மாற்றங்களைப் பட்ஜெட்டோடு கோத்துவிட்டார். ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் மைக்கேல் மடிகன் மசியவில்லை. 2015 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகள் முழு பட்ஜெட் இல்லாமலே மாநிலம் ஓடியது. நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் ஊழியர் சம்பளம் போன்ற பெரும் செலவுகள் தொடர்ந்தன. உத்தரவு இல்லாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016இல் சுமார் 300 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. கொடுக்கப்படாத பில்கள் சுமார் 1,500 கோடி டாலராகக் குவிந்தன.

2017 ஜூலை 6 அன்று வருமான வரியை 3.75இலிருந்து 4.95 சதவீதமாக உயர்த்தும் சட்டம் ஆளுநரின் வீட்டோவை மீறி நிறைவேறியது. கீழவையில் தேவைப்பட்டது 71 வாக்கு. ஜனநாயகக் கட்சிக்கு இருந்தது 67 இடம். கிடைத்தது சரியாக 71. குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் தங்கள் ஆளுநருக்கு எதிராகவே வாக்களித்திருந்தார்கள்.