மாக்ஸ் ஷேலரை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் தத்துவவாதியான ஷேலரை, அதே நாட்டுத் தத்துவவாதி ‘ஹுஸர்லின் மாணவர்’ என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. 1874-ல் மியூனிக்கில் பிறந்த ஷேலர், 1897-ல் முனைவர் பட்டம் வாங்கியது யேனாவில், ருடால்ஃப் ஆய்க்கனிடம். ஹுஸர்லை அவர் சந்தித்தது 1901-ல். அப்போதே யேனாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தர்க்கத்தையும் அறிவையும் ஆராய ஹுஸர்ல் திறந்த நிகழ்வியல் (அனுபவத்தில் பொருள்கள் நமக்கு எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் முறை) வழியில், இவர் அன்பு, வெறுப்பு, வெட்கம், பரிவு ஆகியவற்றை நோக்கித் தன் போக்கில் நடந்தார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ‘காண்ட் அறத்தைப் பகுத்தறிவிடம் கொடுத்தார், ஷேலர் அதை உணர்ச்சியிடம் கொடுத்துவிட்டார், ஆகவே எனக்குச் சரியென்று படுவதே சரி’ என்று முடிவு கட்டுவது. இங்கே சறுக்கினால் அப்புறம் ஷேலரின் எந்தப் பக்கமும் புரியாது. காலில் முள் குத்தினால் வலிக்கிறது. அது வெறும் நிலை. நாள் முழுக்க உழைத்தவருக்குக் கூலி மறுக்கப்படுவதைப் பார்க்கும்போது ‘இது அநியாயம்’ என்று மனம் உணர்கிறதே, அது வேறு வகை. அங்கே உணர்வு நமக்கு வெளியே உள்ள ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. கண்ணுக்கு நிறம் எப்படியோ, அந்த உணர்வுக்கு விழுமியம், அதாவது ஒன்றின் மதிப்பு, அப்படி என்கிறார் ஷேலர். கண் தவறுவதுபோல அதுவும் தவறலாம், குருடாகவும் போகலாம். விருப்பத்துக்கு ஏற்ப விழுமியம் மாறாது. விளைவுகளையும் எட்ட விரும்பும் இலக்குகளையும் வைத்து நன்மையை அளக்க முடியாது என்பதில் அவர் காண்ட்டோடு முழுக்க உடன்படுகிறார். அதனால் உள்ளடக்கம் இல்லாத வெறும் வடிவ விதிதான் அறத்தில் மிஞ்சும் என்று காண்ட் சொல்வதைத்தான் மறுக்கிறார்.

அவருடைய விழுமியப் படிகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: இன்பமானது, உயிர்வலிமை சார்ந்தது, அழகு-நீதி-உண்மை, புனிதம். ஒன்று ஏன் இன்னொன்றைவிட மேலானது என்பதைத் தவறவிடுவார்கள். துணியைப் பாதியாகக் கிழித்தால் மதிப்பும் ஏறக்குறைய பாதியாகும். ஓர் ஓவியத்தைக் கிழித்துப் பங்கிட முடியாது, ஆனால் எத்தனை பேர் ரசித்தாலும் குறையாது. நீடிப்பதும், பங்கிட்டாலும் குறையாததும், ஆழ்ந்த நிறைவைத் தருவதும் மேல். இந்தப் படிகளில் ‘நல்லவனாக இருப்பது’ என்று தனியாக ஒரு படி இல்லை. தாகத்தில் தவிப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பவர் அவருடைய தாகத்தைத்தான் நினைக்க வேண்டும். நன்மை அந்தச் செயலின் முதுகில் ஏறித் தானாக வரும். ‘நான் நல்லவன்’ என்பதற்காகவே கொடுத்தால் அது பாசாங்கு.

பரிவு பற்றிய தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் ஷேலர் மிக நுட்பமாக எழுதிய இடம் அதுதான். இறந்துபோன குழந்தையின் அருகே தாயும் தந்தையும் நிற்கிறார்கள். இருவருக்கும் தனித்தனியாக இரண்டு துக்கங்கள் இல்லை. ஒரே துக்கத்தைச் சேர்ந்து அனுபவிக்கிறார்கள். அப்போது உள்ளே வரும் நண்பர் அவர்களுக்காக வருந்துகிறார். அவருடைய வருத்தம் வேறு. கொண்டாட்டக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் காரணமில்லாமல் நமக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்கிறதே, அது பரிவே அல்ல. அடுத்தவர் வலியை உணர்ந்து புரிந்துகொள்வதும் பரிவாகிவிடாது. சித்திரவதை செய்பவனுக்கு அந்தப் புரிதல் நன்றாகவே இருக்கும், அதில்தான் அவனுக்கு இன்பம். எனவே பரிவையே அறத்தின் அடித்தளமாக ஷேலர் வைத்தார் என்று எழுதக் கூடாது. அவருக்கு அடித்தளம் அன்பு.

‘ரெஸான்டிமான்’ என்பதைச் சாதாரணப் பொறாமையாகச் சுருக்குவதும் வேண்டாம். பழிவாங்க முடியாத இயலாமை உள்ளேயே புழுங்கி, எட்டாத உயர்வைத் தாழ்வென்று சாதிப்பது அது. இந்தக் கருத்தைத் தத்துவவாதி நீட்ஷேயிடமிருந்து எடுத்துக்கொண்டாலும், கிறிஸ்தவ அன்பு அதில் பிறந்தது என்ற அவருடைய வாதத்தை ஷேலர் ஏற்கவில்லை.

வாழ்க்கையை ஒரே முத்திரையில் அடக்குபவர்களும் தவறுகிறார்கள். 1915-ல் ஜெர்மனியின் போரைப் புகழ்ந்து புத்தகம் எழுதியவர் அவர்தான். பின்னர் அந்த உற்சாகத்தை விட்டவரும் அவரே. தத்துவவாதி எடித் ஸ்டைனைக் கத்தோலிக்க உலகின் பக்கம் பார்க்க வைத்தவர், 1920-களில் திருச்சபையிலிருந்து விலகினார். அவருடைய தாய் யூதர். அதனால் 1928-ல் பிராங்க்பர்ட்டில் ஷேலர் இறந்த பிறகு, ஆட்சிக்கு வந்த நாஜிகள் அவர் எழுத்துகளை ஒடுக்கினார்கள்.

வாசிக்கத் தொடங்குபவர்கள் 1913-லும் 1916-லும் இரு பகுதிகளாக வந்த பெரிய அறவியல் நூலில் நேராகக் குதிக்க வேண்டாம். பரிவு பற்றிய நூலை முதலில் எடுங்கள். அதில் வரும் மனிதர்களை வைத்தே அவருடைய கோட்பாட்டைப் பிடித்துக்கொள்ளலாம்.