கோச் வியூவில் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்: அடையாள எண்ணை வைத்துப் பழகுவோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடன் விண்ணப்பமோ வேலைக்குச் சேரும் படிவமோ, எதை எடுத்தாலும் 13 இலக்க அடையாள எண் கேட்பார்கள். அலுவலகப் பணி ஓட்டங்களை உருவாக்கும் மென்பொருளான ஐபிஎம் பிசினஸ் ஆட்டோமேஷன் வொர்க்ஃப்ளோவில் புதிதாக வேலை பழகும் நம் பிள்ளைகள், அந்த எண்ணைச் சரிபார்க்கும் கோடை (நிரலை) ஒவ்வொரு கோச் வியூவிலும் (படிவத் திரையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் துண்டு) நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாட்யூலாக (தனி நிரல் தொகுப்பாக) ஒரே இடத்தில் எழுதி வையுங்கள், வியூக்கள் அதைக் கூப்பிடட்டும்.

படி 1: விதியைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 4 இலக்கம் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். கடைசி இலக்கம் லூன் முறைப்படி வரும் சோதனை இலக்கம். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாவது இலக்கத்தில் தொடங்கி இரட்டிப்பாக்குங்கள். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

எண்ணை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வாங்குங்கள். 2005-இல் பிறந்தவரின் எண் 05 என்று தொடங்கும். நம்பராக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய்விடும்.

படி 2: மாட்யூலை எழுதுங்கள்

தனியாக ஒரு ஜேஎஸ் ஃபைல். அதில் ஏஎம்டி (மாட்யூல்களை எழுதி ஏற்றும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வழக்கம்) முறைப்படி 'டிஃபைன்' கூப்பிட்டு, முதல் ஆர்க்யுமென்டாக மாட்யூலின் பெயரைக் கொடுங்கள். பெயரில்லாத மாட்யூலை ஸ்கிரிப்டாகச் சேர்த்தால், அது எந்த மாட்யூல் என்று லோடருக்கு (மாட்யூல்களை ஏற்றும் நிரலுக்கு) தெரியாது. உள்ளே ஒரு ஃபங்ஷன் போதும்: ஸ்ட்ரிங் வரும், சரி அல்லது தவறு திரும்பும். திரையைத் தொடும் கோடு எதுவும் இங்கே வேண்டாம்.

படி 3: வியூவில் இணையுங்கள்

ஃபைலை ஒரு டூல்கிட்டில் (பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளும் தொகுப்பு) வெப் ஃபைலாக ஏற்றுங்கள். அப்புறம் கோச் வியூவின் பிஹேவியர் பகுதியில் 'இன்க்ளூடட் ஸ்கிரிப்ட்ஸ்' பட்டியலில் அதைச் சேருங்கள். பக்கத்திலேயே 'ஏஎம்டி டிபென்டென்சிஸ்' அட்டவணை இருக்கும். அதில் டிஃபைனில் கொடுத்த அதே பெயரையும், கோடில் கூப்பிட ஓர் ஏலியஸையும் (மாற்றுப் பெயரையும்) எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மாட்யூல் கிடைக்காது.

படி 4: சேஞ்ச் ஹேண்ட்லர்

வியூவின் மதிப்பு மாறும்போது ஓடும் கோடு இது. இங்கே மூன்று வேலைதான். முதலில் பைண்டிங் (வியூவோடு இணைத்த தரவு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மதிப்பை எடுத்து ஏலியஸ் வழியாக ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். தவறு என்று வந்தால், கான்டெக்ஸ்டில் (அந்த வியூவுக்கே உரிய தகவல் பொருள்) உள்ள எலிமென்டுக்குள் தேடிச் செய்தியைக் காட்டுங்கள். பக்கம் முழுவதிலும் தேடக் கூடாது. விண்ணப்பதாரர், ஜாமீன்தாரர் என்று அதே வியூ ஒரே பக்கத்தில் இரண்டு முறை வரும், செய்தி அடுத்தவர் கட்டத்தில் போய் நிற்கும்.

இதே காரணத்தால் மாட்யூலுக்குள் மதிப்பு எதையும் சேமித்து வைக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு மாட்யூல் ஒரு முறைதான் உருவாகும், எல்லா வியூவும் அதையே பகிர்ந்துகொள்ளும். விண்ணப்பதாரரின் எண்ணை அங்கே வைத்தால், ஜாமீன்தாரரின் எண் வந்ததும் அது அழிந்துவிடும். ஒவ்வொரு வியூவுக்கும் தனியாக வேண்டியதை அந்த வியூவிலேயே வையுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

படி 5: சோதனை

அம்மாவின் எண்ணையோ நண்பரின் எண்ணையோ போட்டுப் பார்க்காதீர்கள். அது தனிநபர் தகவல், போப்பியா (தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) காக்கும் விஷயம். யாருக்கும் சொந்தமாக முடியாத எண்ணைப் போடுங்கள்: 9913320000081. லூன் கூட்டல் 40, ஆகவே அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் 13-ஆம் மாதம் 32-ஆம் தேதி எங்கே இருக்கிறது? உங்கள் ஃபங்ஷன் இதற்குச் 'சரி' என்றால், தேதிச் சோதனையை இன்னும் எழுதவில்லை என்று பொருள். கடைசி இலக்கத்தை 2 ஆக்கினால் லூனிலேயே விழ வேண்டும்.

மாட்யூலைத் திருத்திய பிறகும் படிவத்தில் பழையதே ஓடுகிறதா? டூல்கிட்டுக்குப் புது ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து, பிராசஸ் ஆப்பில் (டூல்கிட்டைப் பயன்படுத்தும் உங்கள் ஆப்) அந்த டிபென்டென்சியை அதற்கு மாற்றுங்கள். பிரௌசரில் செய்யும் சோதனையை யாரும் தாண்டிப் போக முடியும் என்பதால், சர்வர் பக்கத்திலும் இதே விதியை எழுதிய பிறகே படிவத்தை மக்கள் கையில் கொடுங்கள்.