வீட்டுப் பழைய லெப்டொப்பை சேர்வர் ஆக்கப் போறீங்களா? முதல்ல ரவுட்டர்ல 100 இருக்கோ பாருங்க

நான் கிழமை நாள்ல கொழும்பில, வீடு திருகோணமலை உவர்மலையில. கொஞ்ச வருஷமா என்ட ஃபைல் எல்லாம் வெளிநாட்டில வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சேர்வர்லதான் (எந்நேரமும் ஓடிக்கொண்டு, கேக்கேக்க ஃபைல் குடுக்கிற கம்பியூட்டர்) கிடந்தது, மாசம் 5 டொலர். 2022ல டொலர் 200ல இருந்து 360 தாண்டினப்போ அதே 5 டொலர் 1000 ரூபாயில இருந்து 1800 ஆகிட்டு. வீட்டில அலுமாரிக்கு மேல 4 ஜிபி ரேம் லெப்டொப் ஒண்டு தூசி பிடிச்சுக் கிடக்கு, அதையே சேர்வர் ஆக்கினா என்ன எண்டு யோசிச்சன். இப்ப நிறையப் பேர் கிளவுட்டில இருந்து வீட்டுக்குத் திரும்பி வாறாங்கதானே.

டெபியன் (விண்டோஸுக்குப் பதிலாப் போடுற ஒரு லினக்ஸ்) போடுறது எப்படி எண்டு நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு வீடியோ கணக்கில்லாம இருக்கு. டெஸ்க்டொப் வேணாம், இன்ஸ்டோல் பண்ணேக்க எஸ்எஸ்எச் சேர்வருக்கு (வேற கம்பியூட்டர்ல இருந்து உள்ளுக்குப் போய் கொமாண்ட் அடிக்கிற வழி) மட்டும் டிக் போடுங்க. உபுண்டு (அதுவும் ஒரு லினக்ஸ்) பிடிச்சவங்க அதைப் போடலாம், சண்டைக்கு வரல்ல. பிறகு மூடியை மூடினா தூங்காம இருக்கிற மாதிரி செட்டிங்ஸை மாத்துங்க, லொகின்ட் கொன்ஃபிக் ஃபைல்ல (logind.conf) லிட் ஸ்விட்ச் எண்டு இருக்கிற வரியை இக்னோர் எண்டு ஆக்கினா சரி. பேட்டரியை 80 வீதத்துக்கு மேல ஏறாம நிப்பாட்ட உங்கட லெப்டொப் விடும் எண்டா கட்டாயம் செய்யுங்க, 24 மணித்தியாலமும் பிளக்கில கிடந்தா பேட்டரி உப்பிப்போகலாம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில (கடலைக் கச்சான் இல்ல, காத்து!) எங்கட வீட்டு அறை அடுப்பு மாதிரி, அதால ஜன்னலுக்குப் பக்கத்தில வைக்காம சீமெந்துத் தரையில ரெண்டு செங்கல்லுக்கு மேல வச்சிருக்கன். பார்க்க அசிங்கம்தான், ஆனா ஃபேன் சத்தம் குறைஞ்சிட்டு.

கரண்ட் போனா லெப்டொப்புக்குப் பேட்டரி இருக்கு, ரவுட்டருக்கு இல்ல. 2022ல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில வாங்கின குட்டி ரவுட்டர் யூபிஎஸ் நிறைய வீட்டில சும்மா கிடக்கும், எடுத்துக் கொழுவுங்க.

ஃபைல் பகிர சம்பா போட்டன் (அரிசி இல்ல, ஃபைலை மத்த மெஷின்ல இருந்து திறக்க விடுற சொஃப்ட்வெயார்). வீட்டுக்குள்ள, தங்கச்சிட ஃபோன்ல, எல்லாத்திலயும் வடிவா வேலை செய்யுது. ஞாயிறு இரவு பஸ் ஏறி கொழும்புக்கு வந்து ட்ரை பண்ணினா ஒண்டும் இல்ல.

இனித்தான் விஷயமே. இணையத்தில எல்லாரும் சொல்றது போர்ட் ஃபோவேர்டிங் (வெளியில இருந்து வாறதை ரவுட்டர் நேர சேர்வருக்கு அனுப்புற செட்டிங்) செய்யுங்க எண்டுதான். நானும் தங்கச்சியை ஃபோன்ல வச்சுக்கொண்டு ரவுட்டர் பக்கத்துக்குள்ள போய் அங்க கிளிக் பண்ணு இங்க கிளிக் பண்ணு எண்டு மூண்டு இரவு, அவளுக்குக் கோவம், எனக்கு நித்திரை இல்ல, ஃபயர்வோலைக் கூட நிப்பாட்டிப் பாத்தன் (நீங்க அதைச் செய்யாதீங்க). நாலாவது நாள் அவளிட்ட ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொன்னன். வான் ஐபி (WAN IP, இணையக் கம்பனி ரவுட்டருக்குக் குடுக்கிற முகவரி) எண்டு இருந்த இடத்தில 100.72 எண்டு தொடங்குற நம்பர். எனக்கு அப்பதான் விளங்கிச்சு.

100.64ல தொடங்கி 100.127 வரைக்கும் இருக்கிற முகவரி எல்லாம், இணையக் கம்பனி தன்ட வலைக்குள்ள மட்டும் வீடுகளுக்குக் குடுக்கிறதுக்கெண்டே 2012ல ஒதுக்கி வச்சது. ஐபிவி4ல (இணைய முகவரியிட பழைய முறை) மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிதான், ஆசியாப் பக்கத்துக்கு 2011லயே தட்டுப்பாடு வந்திட்டு, அதால இணையக் கம்பனி ஒரு உண்மையான முகவரிக்குப் பின்னால நிறைய வீட்டை ஒளிச்சு வைக்குது. அந்தக் காலத்து கொம்யூனிகேஷன் கடை ஞாபகம் இருக்கா? ஊரில எல்லாரும் அங்க போய்த்தான் கோல் எடுப்பம், வெளிநாட்டில இருந்து மாமா எடுத்தாலும் கடை நம்பருக்குத்தான் எடுக்கணும். கடைக்காரர் எங்களைத் தெரிஞ்சவர், பெடியனை அனுப்பிக் கூப்பிடுவார். இங்க அப்படிக் கூப்பிட ஆள் இல்ல. வெளியில இருந்து வாற கோல் கம்பனியோடயே நிண்டுடும், உங்கட ரவுட்டர் வரைக்கும் வராது. அப்ப ரவுட்டர்ல எத்தனை போர்ட் திறந்து என்ன பிரயோசனம்?

அதால முதல் வேலை இதுதான்: ரவுட்டர் பக்கத்தில இருக்கிற வான் ஐபியையும், என்ட ஐபி என்ன எண்டு காட்டுற ஏதாவது தளம் காட்டுற நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்டெண்டா போர்ட் ஃபோவேர்டிங் சரிவரும். வேற வேற எண்டா (சில இடத்தில 10ல தொடங்கும்) மினக்கெட வேணாம்.

நான் போட்டது டெயில்ஸ்கேல், எங்க இருந்தாலும் உங்கட மெஷின் எல்லாத்தையும் ஒரே வலையில சேர்க்கிற சொஃப்ட்வெயார். உள்ளுக்கு இருக்கிறது வயர்கார்ட் (ரெண்டு மெஷினுக்கு நடுவில பூட்டின பாதை போடுற முறை), அது 2020ல லினக்ஸிட மையப் பகுதியான கேர்னலுக்குள்ளயே வந்திட்டு. இதில ரெண்டு பக்கமும் (வீட்டு லெப்டொப்பும் என்ட ஃபோனும்) உள்ளேயிருந்து வெளியில கோல் எடுக்கும், நடுவில ஒரு சேர்வர் ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்தி விடும், கம்பனிக்காரன் இது தன்ட ஆள் கேட்டதுக்கு வாற பதில்தானே எண்டு நினைச்சு விட்டிடுவான். அவங்கட தளத்தில லினக்ஸ் பக்கத்தில ஒரு வரிக் கொமாண்ட் இருக்கு, கொப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டுங்க, பிறகு டெயில்ஸ்கேல் அப் (tailscale up) எண்டு அடிச்சா ஒரு லிங்க் வரும், அதில லொகின் பண்ணுங்க. ஃபோன்லயும் அதே அக்கவுண்ட். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். அது குடுக்கிற முகவரியும் 100லதான் தொடங்கும், கம்பனி முகவரி எண்டு குழம்ப வேணாம், நான் குழம்பினன்.

கிளவுட்ஃப்ளேர் டனல் (வீட்டு சேர்வரை அவங்கட சேர்வர் வழியா வெளியில காட்டுற இன்னொரு வழி) நல்லமில்லையா எண்டு கேப்பீங்க. ஊருக்கே காட்டுற வெப்சைட் எண்டா அது நல்லம், சொந்த டொமைனும் வேணும். வீட்டு ஃபைலுக்கு எனக்கு அது வேணாம்.

பிற்சேர்க்கை: ஆறு மாசம் நல்லா ஓடி ஒரு நாள் திடீரெண்டு செத்திட்டு. டெயில்ஸ்கேல்ல மெஷினுக்குக் கிடைக்கிற கீ (உள்ளுக்கு விடுற சாவி) 180 நாளுக்கு ஒருக்கா காலாவதி ஆகுமாம், திரும்ப லொகின் பண்ணணும். லெப்டொப் வீட்டில, நான் கொழும்பில, திரும்பவும் தங்கச்சி. இண்டைக்கே டெயில்ஸ்கேல் தளத்தில அட்மின் பக்கத்துக்குப் போய் அந்த மெஷினுக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிப்பாட்டுங்க.

இன்னுமொண்டு: கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி எல்லாம் கனெக்ட் ஆகுது, ஆனா ஆமை வேகம் எண்டு கொமெண்ட் போட்டிருந்தார். டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ் அடிச்சுப் பாக்கச் சொன்னன், ரிலே எண்டு வந்திச்சு. ரெண்டு பக்கமும் நேர பிடிபடாட்டி நடுவில ஒரு ரிலே சேர்வரால சுத்திப் போகும், என்கிரிப்ட் ஆனபடியேதான் போகும், வேகம்தான் அடி. அவர்ட ரவுட்டர்ல ஐபிவி6 (முகவரித் தட்டுப்பாடு இல்லாத புது முறை) ஓஃப்ல இருந்திருக்கு. ஓன் பண்ணினதும் டிரெக்ட் எண்டு மாறிட்டாம். உங்களுக்கும் ஸ்லோ எண்டா முதல்ல அதைப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஓன்ல இருக்கணும்.