ஐஸ் கட்டுகிறது, ஆனால் ஃப்ரீசர் குளிரவில்லை: டெல்லி வீடுகளுக்கு

ஐஸ் கட்டுகிறதா என்று பார்த்து ஃப்ரீசரை நம்பாதீர்கள். தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியிலேயே உறைந்துவிடும்; துருவிய தேங்காயும் மீனும் மாதக்கணக்கில் தாங்க மைனஸ் 18 வேண்டும். ஐஸ் கல்லாக இருக்க, ஐஸ்கிரீம் மட்டும் குழைந்தால் அந்த அளவு எட்டவில்லை. ஃப்ரீசர் தெர்மாமீட்டரைப் பொட்டலங்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள்.

அடுத்து, இது எந்த மாதம்? ஃப்ரிட்ஜ் பெட்டியின் லேபிளில் தட்பவெப்ப வகை அச்சிட்டிருக்கும். 'என்' (N) என்றால் வெளிவெப்பம் 32 டிகிரி வரை, 'எஸ்டி' (ST) 38 வரை, 'டி' (T) 43 வரை. மே, ஜூனில் டெல்லி 45-ஐத் தாண்டும் நாட்களில் மூடிய பால்கனியில் நிற்கும் 'டி' வகைகூடத் திணறும். ஜனவரியில் கதை தலைகீழ். தெர்மோஸ்டாட் கீழ் அறையில் மட்டும் இருக்கும் மாடல்களில், வீடே ஜில்லென்று இருப்பதால் கம்ப்ரசர் அரிதாகத்தான் ஓடும். கீழே சரியாக இருக்கும், மேலே தேங்காய் இளகும். இது பழுதே இல்லை. பெட்டியை உள்ளறைக்கு நகர்த்தி, குமிழை ஓரிரு எண் கூட்டுங்கள்.

ஆந்தி (புழுதிப் புயல்) அடித்த வாரத்தில் பின்பக்கக் கறுப்பு வலையைப் பாருங்கள். அதில் தூசி படிந்தால் உள்ளிருந்து எடுத்த சூடு வெளியேறாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீளமான பிரஷால் தட்டுங்கள். வலை வெளியே தெரியாத புது மாடல்களில் குழாய்கள் பக்கச் சுவருக்குள் இருக்கும்; அங்கே சூடாக இருப்பது இயல்பு, சுற்றிலும் 10 செ.மீ. இடம் விட்டால் போதும். ஏர் கூலர் பக்கத்தில் வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போய்ப் பனியாகப் படியும்.

கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கி வந்தால் அந்த இடத்தைச் சோப்பு வெந்நீரில் துடையுங்கள். வளைந்திருந்தால் ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடாக்கி நீவுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சிங்கிள் டோரில் பனி அரை செ.மீ. சேர்ந்ததும் டீஃப்ராஸ்ட் செய்யுங்கள், அதாவது பனியைக் கரையவிடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், அலுமினியத் தகடு ஓட்டையானால் குளிரூட்டும் கேஸ் அத்தனையும் போய்விடும்.

டபுள் டோர் ஃப்ராஸ்ட்-ஃப்ரீயில் (பனியைத் தானே கரைக்கும் வகை) முதலில் கீழ் அறை சூடாகி, சில நாளில் ஃப்ரீசரும் தளர்ந்தால், பின்பலகைக்குள் பனி அடைத்து ஃபேன் காற்று வெளிவர வழியில்லாமல் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, காலி செய்து, கதவுகளை 24 மணி நேரம் திறந்து வையுங்கள். தரையில் பழந்துணி விரித்துக்கொள்ளுங்கள். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழைய கதையே திரும்பினால் கோளாறு பனியைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரிலோ, அதை இயக்கி நிறுத்தும் பைமெட்டல் சுவிட்சிலோ, ஃப்யூஸிலோ, டைமரிலோ இருக்கிறது. மெக்கானிக் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். பனி இல்லாமலே காற்று வரவில்லை என்றால் ஃபேன் மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

'டிக்' என்று ஒரு சத்தம், சில நிமிடம் அமைதி, மறுபடி 'டிக்' என்றால் கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. முதலில் வோல்டேஜ்: 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் வேண்டும். வோல்டேஜ் சரி என்றால் கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே, அதைக் காக்கும் ஓவர்லோட் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் அவை அற்ப விலை.

இத்தனையும் பார்ப்பதற்கு முன்பே 'கேஸ் கதம்' (தீர்ந்துவிட்டது) என்று மெக்கானிக் தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. சீல் செய்த குழாயில் கசிவு இருந்தால்தான் குறையும். சிங்கிள் டோரில் பனி ஒரு மூலையில் மட்டும் படிவது அதற்கு ஓர் அடையாளம். அப்போது கசிவை அடைத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் ட்ரையரை மாற்றி, வேக்யூம் போட்டுக் காற்றை வெளியேற்றி, லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்ப வேண்டும். லேபிளில் ஆர்-600ஏ (R-600a) என்றிருந்தால் அது எரியும் கேஸ் என்பதால் வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். தராசு இல்லாமல் குழாயைத் தொட்டுப் பார்த்தே நிரப்புகிறேன் என்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.