இரண்டும் 24 மெகாபிக்சல்தான். அப்புறம் எங்கே வித்தியாசம்?

நிக்கான் டி5600, டி750 இரண்டுமே 24 மெகாபிக்சல் கேமராக்கள். புதிதாக விற்பனையில் இருந்த காலத்தில் விலையிலோ பெரிய இடைவெளி. முக்கியக் காரணம் சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின், அளவு. டி5600-ல் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், 23.5 × 15.6 மி.மீ. டி750-ல் ஃபுல் ஃபிரேம், ஏறக்குறைய 36 × 24 மி.மீ. பரப்பளவு இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஒரு பிக்சலின் அகலமும் 3.9 மைக்ரானிலிருந்து 6 மைக்ரானாகக் கூடுகிறது. பிக்சல் அகலமானால் அதில் விழும் வெளிச்சமும் கூடும், இருட்டிலும் படம் சுத்தமாக வரும். என் பேச்சை நம்ப வேண்டாம். இரண்டு கேமராவும் ஒரு நாள் கைக்குக் கிடைத்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் ராத்திரியில், ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில், மேசைமேல் ஒரு பித்தளை விளக்கையும் அதன் பின்னால் மடக்கிய கறுப்புக் குடையையும் வையுங்கள். குடை முக்கியம், காரணம் பிறகு தெரியும்.

கேமராவை டிரைபாடில் பொருத்துங்கள். டி750-க்கு 50 மி.மீ. லென்ஸ், டி5600-க்கு 35 மி.மீ.; அப்போதுதான் இரண்டிலும் காட்சி ஒரே அளவாக விழும். எம் மோடு (எல்லாவற்றையும் நாமே அமைப்பது), எஃப்/5.6 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப் (ஐஎஸ்ஓ கூடக் கூடப் படம் வெளிச்சமாகும்), செல்ஃப் டைமர் ஆன். கண்டிப்பாக ரா கோப்பாகவே, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாகவே, எடுங்கள். ஜேபெக் எடுத்தால் கேமராவே நாய்ஸை, அதாவது படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை, மழுப்பிவிடும். அதைப் பார்த்துச் சென்சாரை எடைபோட முடியாது.

ஐஎஸ்ஓ 100-ல் 2 நொடி என்று தொடங்குங்கள். ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள். 6400 வரும்போது 1/30 நொடியில் நிற்பீர்கள்.

இப்போது கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, குடையின் மடிப்புகளை மட்டும் பாருங்கள். பளபளக்கும் விளக்கு எல்லாக் கேமராவிலும் அழகாகத்தான் இருக்கும். நாய்ஸ் முதலில் எட்டிப்பார்ப்பது நிழலில்தான். ஐஎஸ்ஓ 100-ல் இரண்டையும் பிரித்தறிவதே கஷ்டம். 3200-ல் டி5600 படத்தின் கறுப்பில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தூவியிருக்கும். டி750-ல் அந்த அளவு மணல்தன்மை வர ஏறக்குறைய 6400 ஆகும். அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வித்தியாசம் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்).

பகலில் மட்டும் படம் எடுப்பவர் என்றால் ஏபிஎஸ்-சி போதும், மிச்சப் பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள் என்பேன். மண்டபத்தில் கல்யாணம் எடுப்பவருக்கு இன்னொரு சோதனை உண்டு: ஐஎஸ்ஓ 100-ல் வேண்டுமென்றே 4 ஸ்டாப் இருட்டாக, 1/8 நொடியில் எடுத்து, டார்க்டேபிள், லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +4 ஏற்றுங்கள். குடையின் கம்பிகள் எந்தப் படத்தில் துலக்கமாக எழுந்து வருகின்றன என்று பாருங்கள்.